குழுத் திட்டத்துக்கு ஒரு மலை வரைபடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பல்மாறி நுண்கணிதம் படிக்கிற தம்பி தங்கைகளே, குழுத் திட்டத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லையா? டிராக்கன்ஸ்பர்க் மலையின் 1:50,000 அளவு நிலவரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ஸ்கேலைக் குறுக்காக வைத்து அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டர் இருந்தால் தரையில் அது 100 மீட்டர். 100 மீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம். ஆக, அந்த இடத்தில் கிரேடியன்டின், அதாவது மிகச் செங்குத்தான ஏற்றத்தைக் காட்டும் திசையனின், அளவு சுமார் 0.2. திசை, கோட்டுக்குச் செங்குத்தாக, மேட்டைப் பார்த்து. அந்தத் திசையிலிருந்து 60 பாகை விலகி நடந்தால் ஏற்றம் பாதியாகி 0.1 ஆகும், ஏனென்றால் 60 பாகையின் கொசைன் 0.5. கோட்டோடு ஒட்டியே நடந்தால் ஏற்றமே இல்லை. திசைவழி வகைக்கெழு என்பது இவ்வளவுதான்: நாம் நடக்கும் திசையில் உள்ள ஏற்றம். கரண்ட் போனாலும் இந்த வேலை நிற்காது.

ஒருவருக்குக் கணக்கு, ஒருவருக்குப் படம், ஒருவருக்குத் தட்டச்சு என்று மட்டும் பிரிக்காதீர்கள். தட்டச்சு மட்டும் செய்தவருக்குத் தேர்வில் கை ஓடாது, பாவம். ஆளுக்கொரு இடத்தை அளந்து கணக்கிடுங்கள். அப்புறம் தாளை மாற்றிச் சரிபாருங்கள்.

வீட்டுப்பாடத்துக்கும் ஒன்று: இரட்டைத் தொகையீடு (இரண்டு மாறிகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகையிடுவது) வந்தால் முதலில் தொகையிட வேண்டிய பரப்பை வரைந்துவிடுங்கள். எல்லைகள் சிக்கலாகத் தெரிந்தால், அதே படத்தைப் பார்த்துத் தொகையிடும் வரிசையை மாற்றிப் பாருங்கள்.