செட்டிநாட்டு நிலத்தில் சிறு விமானத்தை இறக்க நேர்ந்தால்

காரைக்குடி வட்டாரத்தின் மேல் பறக்கையில் ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால், உடனே மூக்கைத் தாழ்த்தி, கையேடு குறிப்பிடும் மிதவை வேகத்தை (எஞ்சினின்றி அதிகத் தூரம் சறுக்கிச் செல்லும் வேகத்தை) பிடியுங்கள்; காற்றில்லாதபோது செஸ்னா 172 என்னும் சிறு விமானம் ஆயிரம் அடி உயர இழப்புக்குச் சுமார் ஒன்றரை கடல் மைலே மிதக்கும்.

வற்றிய கண்மாய் மேலிருந்து மைதானம்போலத் தோன்றும், ஆனால் அதை எளிதில் நம்பாதீர்கள்: வெடித்துக் காய்ந்த மேற்பரப்பின் கீழே ஈரக் களிமண் இருந்தால் முன்சக்கரம் புதைந்து விமானம் தலைகுப்புறக் கவிழும், சீமைக்கருவேலப் புதர்கள் இறக்கையைக் கிழிக்கும். வயலானால் வரப்புக்கு இணையாக இறங்குங்கள். சாலை ஆசைகாட்டும், எனினும் மின்கம்பிகள் கண்ணில் படுவதற்குள் நெருங்கிவிடுவீர்கள் என்பதால், கம்பங்களின் வரிசையைத் தேடுங்கள்.

காற்றின் திசையைப் புகையும் பனையோலையும் காட்டும். 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் இறங்கும் விமானம் 20 நாட் எதிர்க்காற்றில் தரையை 40 நாட் வேகத்தில் தொடும், அதே அளவு பின்காற்றிலோ 80 நாட் வேகத்தில் தொடும். மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். இதை மறந்தவருக்கு நல்ல நிலமும் உதவாது.

நேரமிருந்தால் 121.5 மெகாஹெர்ட்ஸில் அபாய அழைப்பு விடுங்கள். தரை தொடுமுன் எரிபொருளை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, கதவின் தாழை விடுவித்து, இடைவார்களை இறுக்குங்கள். நின்றதும் வெளியேறி, ஓடிவரும் ஊராரை எரிபொருள் கசிவிலிருந்து விலக்கி நிறுத்துங்கள்.