மூன்று படகுகளுக்கு வெளியே 45 பேர்: கல்லூரிப் பெண்கள் ரோயிங் பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ரோயிங் அணிக்குப் பயிற்சியாளராக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் தாங்களே நல்ல படகில் துடுப்பு வலித்தவர்கள். வேகமான படகு எப்படி ஓடும் என்பது அவர்கள் உடம்புக்கே தெரியும். அப்படியும் சிலர் சில வருடங்களில் வேலையை விட்டுப் போகிறார்கள், சிலர் போகச் சொல்லப்படுகிறார்கள். தோற்றதால் மட்டும் இது நடப்பதில்லை. முதல் படகில் இடம் கிடைக்காத பெண்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் சிக்கல் பெரும்பாலும் தொடங்குகிறது என்பது என் கருத்து. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மகள் ஒரு கல்லூரி அணியில் சேரப்போகிறாள் என்றால் பெற்றோரும் படிக்கலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு சாம்பியன்ஷிப்பில் 22 அணிகள் மோதுகின்றன. தூரம் 2000 மீட்டர். ஒவ்வொரு அணிக்கும் மூன்று படகுகள்: எட்டுப் பேர் துடுப்பு வலிக்கும் முதல் எய்ட், இரண்டாம் எய்ட், நான்கு பேர் வலிக்கும் ஒரு ஃபோர். திசை பிடித்து ஆணை கொடுக்கும் காக்ஸையும் சேர்த்தால் 9, 9, 5. ஆக மொத்தம் 23 பேர். ஆனால் அணிப் பட்டியல் அதைவிட மிகப் பெரியது. கல்லூரிகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்டு, 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உச்சவரம்பு 68 பேர். அதற்கு முன்பு ஆள் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. 20 முழு உதவித்தொகைகளைப் பங்கிட்டுக் கொடுக்கலாம், அவ்வளவுதான். 68 பேர் கொண்ட அணியில் 45 பேர் மே மாத இறுதிப் போட்டிக்குப் போக மாட்டார்கள். ஆனால் செப்டம்பர் முதல் அவர்களும் அதே விடிகாலையில் எழுந்து அதே குளிரில் படகைத் தூக்குகிறார்கள்.

இத்தனை பேர் ஏன்? 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடை செய்தது. ஆண்களின் அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றே பெருங்கூட்டத்தை இழுத்துக்கொள்வதால், அதை ஈடுகட்டப் பெண்கள் பலருக்கு ஒரே நேரத்தில் இடம் தரும் விளையாட்டு கல்லூரிகளுக்குத் தேவைப்பட்டது. ரோயிங் அதற்குப் பொருந்தியது. 1997இல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் பட்டம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. ஆண்கள் ரோயிங் இன்றுவரை என்.சி.ஏ.ஏ.வுக்குள் இல்லை, அவர்களுக்கு 1895 முதல் நடக்கும் ஐ.ஆர்.ஏ. ரெகட்டா என்ற தனிப் படகுப் போட்டிதான். ஆக, பெண்கள் அணியின் பெரிய பட்டியல் தற்செயலானதல்ல, இந்த வேலை இருப்பதே அதனால்தான். இதை மறந்துவிட்டு வேலையைத் தொடங்குவதே முதல் தவறு.

இரண்டாம் எய்ட்டை மிச்சமாக நினைப்பது

சாம்பியன்ஷிப்பில் முதல் எய்ட் வென்றால் 66 புள்ளி, இரண்டாம் எய்ட்டுக்கு 44, ஃபோருக்கு 22. பின்னிரண்டையும் கூட்டினால் முதல் எய்ட்டுக்குச் சமம். தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் தலைமைப் பயிற்சியாளரின் மோட்டார் படகு ஒவ்வொரு காலையும் முதல் எய்ட்டின் பக்கத்திலேயே போய்க்கொண்டிருக்கும். 2017இல் வாஷிங்டன் மூன்று இறுதிப் போட்டிகளையும் வென்று 132 புள்ளிகளையும் அள்ளியது; அதற்கு முன் எந்த அணியும் அப்படி வென்றதில்லை. பயிற்சியாளர் யாஸ்மின் ஃபாரூக் அங்கே பொறுப்பேற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க தேசிய எய்ட்டில் காக்ஸாக இருந்தவர் அவர். தன் கையில் துடுப்பு இல்லாமல் எட்டுப் பேரையும் கவனித்துப் பழகிய ஒருவர் மூன்று படகுகளையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை. காக்ஸ்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்காத பயிற்சியாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

புதுமுகங்களை அணியிலேயே அனுபவம் குறைந்த உதவியாளரிடம் தள்ளிவிடுவது இதே தவறின் இன்னொரு முகம். துடுப்பைத் தொட்டே பார்க்காத மாணவிகளை வளாகத்தில் பிடித்து அணியில் சேர்ப்பது பெண்கள் ரோயிங்கின் பழைய வழக்கம். சூசன் பிரான்சியா பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் படகில் ஏறினார். எரின் கஃபாரோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அப்படி வந்து சேர்ந்தவர். 2008லும் 2012லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க எய்ட்டில் இருவரும் இருந்தார்கள். இப்போது 68 என்ற வரம்பு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம் புதுமுகங்களின் இடத்தை வெட்டிவிட்டு, வெளிநாட்டிலிருந்து தயாராக வரும் வீராங்கனைகளால் பட்டியலை நிரப்புவது. ஒரு பருவத்துக்கு அது வேகம் தரும். ஆனால் சேர்ந்தபோது ஒன்றும் தெரியாமல் இருந்து, நான்காம் ஆண்டில் இரண்டாம் எய்ட்டைத் தூக்கி நிறுத்தும் பெண் அந்த அணியில் இருக்க மாட்டாள்.

எர்க்கை நம்பி, சீட் ரேஸைக் கெடுப்பது

குளிர்காலம் முழுக்க அணி எர்க் என்ற துடுப்புப் பயிற்சி இயந்திரத்தின் மேல்தான் வாழ்கிறது. 2000 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கும் கல்லூரிப் பெண் எந்த அணிக்கும் பொக்கிஷம். ஆனால் எர்க் சொல்வது எஞ்சினின் சக்தியை மட்டும்தான். துடுப்பின் அலகு தண்ணீரில் எந்த நொடியில் இறங்குகிறது, பக்கத்தில் இருப்பவரின் தாளத்தை அவள் கெடுக்கிறாளா என்பதெல்லாம் எர்க் திரையில் வராது. 7:10 எடுக்கும் பெண் ஏறியதும் படகு வேகமாகும், 6:58 எடுக்கும் பெண் ஏறியதும் கனக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் சீட் ரேஸ்.

இரண்டு ஃபோர்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தூரம் ஓடுகின்றன. முதல் ஓட்டத்தில் 'அ' படகு 2 விநாடி முந்துகிறது. படகுகளை ஒட்டி நிறுத்தி, ஒரே இருக்கையில் இருக்கும் இருவரை மட்டும் மாற்றுகிறார்கள். அடுத்த ஓட்டத்தில் 'அ' படகு 1 விநாடி பிந்துகிறது. மொத்த மாற்றம் 3 விநாடி. 'அ'விலிருந்து 'ஆ'வுக்குப் போனவள்தான் வேகமானவள்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த முறையை எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று பாருங்கள். நிமிடத்துக்கு இத்தனை துடுப்பு வீச்சு என்று வரம்பு வைக்காமல் விடுவது. முதல் ஓட்டம் முடிந்து காற்று திரும்பிவிட்டதைக் கவனிக்காதது. நாலைந்து ஓட்டம் முடிந்து எல்லோரும் களைத்த பிறகு ஒருத்தியை மாற்றிப் பார்த்து, அந்த ஒரே ஓட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. யாரை மாற்றப்போகிறோம் என்பதை முன்கூட்டியே கசியவிட்டு, தோழிக்காக உயிரைக் கொடுத்து வலிக்கவோ சும்மா உட்காரவோ வாய்ப்புக் கொடுப்பது.

இவற்றையெல்லாம்விட மோசமானது, முடிவைச் சொல்லாமல் விடுவது. மறுநாள் காலை சுவரில் ஒட்டிய பட்டியலில்தான் தன் பெயர் இரண்டாம் எய்ட்டில் இருப்பதை ஒரு பெண் பார்க்கிறாள். எத்தனை விநாடியில் தோற்றோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. விநாடியைச் சொல்லுங்கள். காற்றால் முடிவு தெளிவாக இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். கணக்கு கையில் இருந்தால் அவள் வருத்தப்படுவாள், பிறகு திரும்ப முயல்வாள். கணக்கு இல்லாவிட்டால் பயிற்சியாளருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவாள். அங்கிருந்து, வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அதிக தூரமில்லை.

உடல் எடையைப் பற்றிப் பேசுவது

இதில் நான் சமரசம் செய்யத் தயாராக இல்லை. என்.சி.ஏ.ஏ. பெண்கள் ரோயிங்கில் எடைப் பிரிவு கிடையாது. 130 பவுண்டு வரம்புள்ள லைட்வெயிட் போட்டி ஐ.ஆர்.ஏ.வில்தான் இருக்கிறது, அதை நடத்துகிற கல்லூரிகளும் சிலவே. அப்படியிருக்க, எடைப் பிரிவே இல்லாத அணியில் எல்லோர் முன்னாலும் பெண்களைத் தராசில் ஏற்றி, எண்ணைப் பலகையில் எழுத ஒரு காரணமும் இல்லை. "ரெண்டு பவுண்டு குறைச்சா படகு லேசா போகும்" என்று போகிற போக்கில் பயிற்சியாளர் சொல்லும் வார்த்தையை 19 வயதுப் பெண் வருடக்கணக்கில் சுமப்பாள்.

உடம்பு அதை எப்படிக் காட்டும் என்பதைப் பயிற்சியாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பயிற்சி கூடி, சாப்பாடு குறைந்தால் முதலில் மாதவிடாய் தப்பும். எலும்பு வலுவிழக்கும். ரோயிங்கில் அது விலா எலும்பில் வந்து நிற்கும்: மூச்சை இழுத்தால் குத்தும், தும்மினால் உயிர் போகும், முதலில் சதைப்பிடிப்பு என்றே நினைப்பார்கள். இப்படி ஆற்றல் பற்றாக்குறையால் உடம்பு மொத்தமும் தளர்வதை 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்ற பெயரில் விளக்கியது. ஒரே வருடத்தில் இரண்டு மூன்று பேருக்கு விலா முறிவு என்றால் பயிற்சியாளர் அதைக் கெட்ட நேரம் என்று தள்ளிவிடக் கூடாது. பயிற்சி அட்டவணையையும் விடுதிச் சாப்பாட்டு நேரத்தையும் எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும். காலைப் பயிற்சி முடியும்போது உணவுக்கூடம் மூடியிருக்கிறதா? பல வளாகங்களில் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. எடை, சாப்பாடு பற்றிய பேச்சை அணியின் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் விட்டுவிடுங்கள்.

ஆண்கள் பயன்படுத்தி ஒதுக்கியதைக் கொண்டு ஒப்பேற்றுவது

1976 மார்ச் 3 அன்று யேல் பல்கலைக்கழகப் பெண்கள் ரோயிங் அணியினர் 19 பேர், கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில், பெண்கள் விளையாட்டுப் பொறுப்பாளரின் அறைக்குள் போய் ஆடைகளைக் களைந்து நின்றார்கள். உடம்பில் 'டைட்டில் நைன்' என்று எழுதியிருந்தார்கள். படகுகள் வைக்கும் போட்ஹவுஸில் ஆண்களுக்குக் குளியலறை இருந்தது, பெண்களுக்கு இல்லை. அவர்கள் நனைந்த உடையோடு பேருந்தில் காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தி நாடெங்கும் பரவிய பிறகே வசதி வந்தது.

இன்று பாகுபாடு அப்படி வெளிப்படையாக இருக்காது, சின்னச் சின்ன விஷயங்களில் ஒளிந்திருக்கும். படகுகள் ஆட்களின் எடைக்கேற்ற அளவில் செய்யப்படுகின்றன. கனமான ஆண்களுக்காகச் செய்த எய்ட்டில் பெண்கள் உட்கார்ந்தால் அது தண்ணீரில் மேலெழும்பி நிற்கும், காற்றுக்கு ஆடும். படகில் பொருத்திய ஷூ இரண்டு அளவு பெரிதாக இருந்தால் குதிகால் உள்ளே நழுவும், கால் உதைப்பின் ஒரு பங்கு வீணாகும். துடுப்பைத் தாங்கும் ரிக்கரின் உயரம் ஆண்களுக்கு வைத்தபடியே இருந்தால் தோள்பட்டை வலிக்கும். இதையெல்லாம் பார்க்காமல் "டெக்னிக் சரியில்லை" என்று அந்தப் பெண்ணைத் திருத்திக்கொண்டிருப்பது அநியாயம். பைக்குள் ஒரு 7/16 அங்குல ஸ்பானர் எப்போதும் இருக்கட்டும்.

குளிர்ந்த தண்ணீரைக் குறைத்து மதிப்பிடுவது

2021 மார்ச் 28 அன்று அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ரோயிங் கிளப் படகு லிட்டில் வால் ஏரியில் கவிழ்ந்தது. படகில் ஐந்து பேர். இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். அன்று காற்று பலமாக இருந்தது, தண்ணீரும் கடுங்குளிர். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கைகள் சொன்னபடி கேட்காது, நீச்சல் தெரிந்தவருக்கும் இதுதான் கதி. பகலில் வெயில் அடிக்கும் வசந்த காலத்தில்தான் ஏமாந்துபோகிறோம். காற்று இதமாக இருக்கும், தண்ணீர் இன்னும் பனிக்காலத்தில்தான் இருக்கும்.

எந்தக் காற்றுக்கு, எந்தத் தண்ணீர் வெப்பநிலைக்கு வெளியே போகக் கூடாது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த நேரத்து மனநிலையில் முடிவெடுத்தால் தவறாகத்தான் போகும். மோட்டார் படகில் எல்லோருக்கும் போதுமான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, கவிழ்ந்தால் கால் உடனே வெளியே வரும்படி ஷூவின் குதிகால் கயிறு சரியான நீளத்தில் கட்டியிருக்கிறதா என்பதைத் தினமும் பார்க்க வேண்டும். புதுமுகங்களின் படகுக்குத்தான் மோட்டார் படகு மிக அருகில் இருக்க வேண்டும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறாக.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாக: பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. "விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று அறிவித்துவிட்டு யார் வந்தார்கள் என்று குறித்துக்கொண்டால் அது விருப்பப் பயிற்சியே அல்ல, விதிமீறல். பள்ளி மாணவிகளோடு ஆள்சேர்ப்புப் பேச்சு அவர்கள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15க்குப் பிறகுதான். அப்போதும் "முதல் எய்ட் உனக்குத்தான்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவசரமாகத் தலைமைப் பதவிக்குத் தாவுவது

உதவிப் பயிற்சியாளராக இரண்டு பருவம் முடித்ததுமே தலைமைப் பதவிக்கு விண்ணப்பிக்கும் வேகம் இப்போது அதிகம். டிரெய்லரை ஓட்டப் பழகாமல், 18 மீட்டர் நீளப் படகைப் பிரித்து ஏற்றிக் கட்டத் தெரியாமல், வரவுசெலவுத் திட்டம் ஒன்றைக்கூடத் தானாக எழுதிப் பார்க்காமல் போகிறவர்கள் முதல் வருடத்திலேயே தடுமாறுகிறார்கள். வெற்றி வரும் வேகத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பெண்கள் அணிக்கு 1995இல் கெவின் சாவர் முதல் பயிற்சியாளரானார், முதல் தேசியப் பட்டம் 2010இல் வந்தது. கலிஃபோர்னியாவுக்கு 2005லும் 2006லும் பட்டம் வாங்கிக் கொடுத்த டேவ் ஓநீல் 2014இல் டெக்சஸுக்குப் போனார். அத்தனை அனுபவமுள்ளவருக்கே அங்கே முதல் பட்டத்துக்கு 2021 வரை ஆனது.

பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. 1972க்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளமும் மதிப்பும் கூடியதும் அந்த வேலைகளுக்கு ஆண்கள் வந்தார்கள், இன்று பாதிக்கும் குறைவான அணிகளில்தான் பெண்கள் தலைமையில் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிப் பயிற்சி, வார இறுதி முழுக்கப் பயணம், ஆள்சேர்ப்புத் தொலைபேசி என்று ஓடும் இந்த வேலையில், குழந்தை பிறந்ததும் விலகிப்போகிறவர்கள் பலர்.

அதனால் பதவியை ஒப்புக்கொள்ளும் முன் விளையாட்டுத் துறை இயக்குநரிடம் கேட்டுவிடுங்கள். எத்தனை உதவியாளர்களுக்கு முழுச் சம்பளம் கிடைக்கும்? படகுகளுக்கு எத்தனை வயது, எந்த எடைக்குச் செய்தவை? அணிக்கென்று தனி உடற்பயிற்சி மருத்துவப் பணியாளர் இருக்கிறாரா, அல்லது வேறு மூன்று அணிகளோடு பங்கா? மகப்பேறு விடுப்பில் பயிற்சியை யார் நடத்துவார்கள்? காலைப் பயிற்சிக்குப் பிறகு உணவுக்கூடம் திறந்திருக்குமா? பட்டியலில் 68 பேரை வைத்திருக்கச் சொல்கிறார்களே, பயணச் செலவு எத்தனை பேருக்கு? இந்தக் கடைசிக் கேள்விக்கு 23 என்று பதில் வந்தால், மற்ற 45 பேருக்கு எந்தெந்தப் போட்டி, எந்தத் தேதியில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்திடுங்கள்.