புகார் கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் பட்டியிலிருந்து ஆடுகள் களவுபோனாலோ, கிணற்று மோட்டாரை யாரேனும் கழற்றிச் சென்றாலோ, காவல் நிலையத்தில் "விசாரிக்கிறோம், போய் வாருங்கள்" என்று சொல்லும் வாய்வார்த்தையை நம்பி நம்மவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எழுத்தில் இல்லாத புகாருக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. ஆகவே, புகாரை இரண்டு படிகளாக எழுதிச் சென்று, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதை எண்ணோடும் தேதியோடும் கேட்டுப் பெறுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால், அதன் நகலைக் கட்டணமின்றித் தருவது காவல்துறையின் கடமை.

பதிய மறுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவின்படி, புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலனில்லையெனில் நீதித்துறை நடுவரிடம் முறையிடலாம். பதிவுத் தபால் ரசீதைத் தோட்டத்துப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

நிலையத்திற்குள் எவரேனும் கையோங்கினால், அந்த நாளையும் நேரத்தையும் அன்றே குறித்துக்கொண்டு, கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாக்குமாறு எழுத்துமூலம் கேளுங்கள். காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள், இயலாத இடங்களில் குறைந்தது ஓராண்டு, வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது.