பெங்களூர்ல பேடல் கோர்ட் புக் பண்றது எப்படி, அதுவும் சாயங்கால நேரத்துல

பேடல்னா, சுத்தி செவுரு வெச்ச கோர்ட்டுல டென்னிஸ் மாதிரி ராக்கெட்டால ஆடற ஆட்டம், பந்து செவுத்துல பட்டு வந்தாலும் அடிக்கலாம். முதல்லயே சொல்லிடறேன், புது ஸ்லாட் தொறக்கும்னு ராத்திரி 12 மணிக்கு அலாரம் வெச்சு எந்திரிச்சு ஆப்பை ரெஃப்ரெஷ் பண்ணிட்டு உக்காந்திருக்கற வேலையெல்லாம் வேணாம். வாரநாள் சாயங்காலம் 7 லேர்ந்து 10 வரைக்கும் இருக்கற நல்ல ஸ்லாட் பலதும் நம்ம கண்ணுக்கே வராது. மெம்பர்ஷிப் எடுத்தவங்களுக்கு சில இடத்துல முன்னாடியே புக் பண்ண விட்டுடுவாங்க, ஏதாவது ஒரு ஆபீஸ் கேங் மாசம் முழுக்க மொத்தமா பிளாக் பண்ணி வெச்சிருக்கும், இது போக கோச்சிங் பேட்ச் வேற. எல்லாம் போய் மிஞ்சறதுக்குத்தான் நாம அடிச்சுக்கறோம். இதுல விரல் வேகம் பெருசா உதவாது. கூப்ட உடனே வர்ற நாலு பேர் இருக்கணும், ஆப்பை எப்ப தொறந்து பாக்கணும்னு தெரியணும், அவ்ளோதான்.

ஏன் இவ்ளோ தட்டுப்பாடுன்னா, பிக்கிள்பால் மாதிரி, ஏற்கனவே இருக்கற ஷட்டில் கோர்ட்டுல நாலு கோடு போட்டு ஆரம்பிக்கற விஷயம் இல்ல இது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பின்னாடி கண்ணாடி செவுரு, சைடுல கம்பி வலை, கீழ மணல் தூவின செயற்கைப் புல்லுன்னு எல்லாத்தையும் புதுசா கட்டியாகணும். 1969ல மெக்சிகோவுல அகபுல்கோவுல என்ரிக்கே கோர்குவேரான்னு ஒருத்தர் தன் வீட்டுல செவுரு எழுப்பி ஆடினதுலேர்ந்தே அப்படித்தான், செவுரு இல்லன்னா இந்த ஆட்டமே இல்ல. அதனால ஊருக்குள்ள நெருக்கமான ஏரியாவுல இதுக்கு இடம் கிடைக்கறது கஷ்டம், காலி நிலம் இருக்கற சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு, ஹென்னூர் மாதிரி பக்கம் தேடினாத்தான் ஆப்ஷன் கிடைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். கோர்ட் தேடறதுக்கு முன்னாடி ஆள தேடுங்க. பேடல்னாலே டபுள்ஸ்தான், மூணு பேர் வந்து நின்னா காசும் போச்சு ஆட்டமும் போச்சு. நாலு பேரை வெச்சு குரூப் ஆரம்பிக்காதீங்க, எட்டு பத்து பேராவது இருக்கணும், அதுல யார் எந்த நாள் ஃப்ரீன்னு ஞாயித்துக்கிழமையே குரூப்ல ஒரு ஓட்டெடுப்பு (poll) போட்டுடுங்க. நம்ம ஆளுங்க "பாக்கறேன் மச்சி"ன்னா வரலன்னு அர்த்தம், "ட்ரை பண்றேன்"னாலும் அதேதான், அதனால வாய்ல சொல்றதை கணக்குல எடுக்காதீங்க, யூபிஐல காசு போட்டவன்தான் கன்ஃபர்ம்னு ஒரே ஒரு ரூல் வெச்சுக்குங்க. கடைசி நேரத்துல கழண்டுக்கறவன் தனக்குப் பதிலா ஒருத்தனை அவனே கூட்டிட்டு வரணும், இல்லன்னா அவன் பங்கு அவன்தான் குடுக்கணும். கேக்கறதுக்கு கறாரா இருக்கும், ஆனா இப்படி இல்லாத குரூப் ரெண்டு மாசம் தாண்டறதில்ல.

அடுத்தது ஏரியா. ஆப்புல "உங்களுக்கு பக்கத்துல, 9 கிலோமீட்டர்"னு காட்டும், அதை நம்பி புக் பண்ணிடாதீங்க. பெங்களூர்ல கிலோமீட்டருக்கு ஒரு மதிப்பும் இல்ல, சாயங்காலம் ஆறரைக்கு அவுட்டர் ரிங் ரோட்டுல எவ்ளோ நேரம் ஆகும்ங்கறதுதான் கணக்கு. உங்க நாலு பேரும் டிராஃபிக்குக்குப் பேர் போன சில்க் போர்டு ஜங்ஷனுக்கு எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு பாருங்க, முடிஞ்சவரை யாரும் அதை கிராஸ் பண்ணாத மாதிரி மூணு கோர்ட் செலக்ட் பண்ணி வெச்சுக்குங்க: ஒண்ணு வீட்டுப் பக்கம், ஒண்ணு ஆபீஸ் பக்கம், ஒண்ணு ரெண்டுக்கும் நடுவுல. அல்சூர், இந்திரா நகர் பக்கம் இருக்கறவங்க பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடிச்சு ஒயிட்ஃபீல்டு பக்கம் போயிட்டு ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோ வெச்சுக்கலாம், பேடல் ராக்கெட் சின்னதுதான், லேப்டாப் பேகுலயே அடங்கிடும். எலக்ட்ரானிக் சிட்டிக்காரங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் வந்ததுலேர்ந்து கொஞ்சம் மூச்சு விட முடியுது.

ஆப்னு பாத்தா ப்ளேயோ, ஹடில், கேலோமோர், பேடலுக்குன்னே பேர் போன ப்ளேடோமிக், இது போக சில கோர்ட்டுக்கு சொந்த ஆப்போ வெப்சைட்டோ இருக்கும். ஒரு ஆப்புல ஃபுல்னு காட்டினா அத்தோட விட்டுடாதீங்க, சில இடத்துல ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா ஸ்லாட் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அதனால அந்த கோர்ட்டோட நம்பருக்கே ஒரு வாட்ஸ்அப் போட்டுப் பாருங்க. ஃபோன்ல கேக்கறீங்கன்னா "அண்ணா, ஏளு கண்டே ஸ்லாட் காலி இதியா" (ஏழு மணி ஸ்லாட் காலியா இருக்கா)ன்னு கன்னடத்துல ஆரம்பிங்க, பதில் தமிழ்லயே வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோட்டோவுல கண்ணாடி செவுரு இருக்கான்னு பாருங்க, பிக்கிள்பாலும் பேடலும் ஒரே இடத்துல இருந்தா லிஸ்டிங்ல மாத்தி அமுக்கிட வாய்ப்பு இருக்கு. அகலம் 6 மீட்டர்னு போட்டிருந்தா அது சிங்கிள்ஸ் கோர்ட், நாலு பேர் உள்ள போனா இடிச்சுக்கத்தான் முடியும்.

இப்ப முக்கியமான மேட்டர். ஒவ்வொரு இடத்துக்கும் ஃப்ரீயா கேன்சல் பண்ண ஒரு டெட்லைன் இருக்கும், சில இடத்துல 24 மணி நேரம், சில இடத்துல 12, சில இடத்துல கேன்சலே கிடையாது. ஆள் சேருமா சேராதான்னு தெரியாமலே ஸ்லாட்டை பிடிச்சு வெச்சவன் அந்த டெட்லைன் வரைக்கும் இழுத்துப் பாத்துட்டு, முடியறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் விடுவான். அதனால செவ்வாய்க்கிழமை 8 மணி ஸ்லாட் வேணும்னா, 24 மணி நேர ரூல் இருக்கற கோர்ட்டுக்கு திங்கக்கிழமை ஏழுலேர்ந்து எட்டுக்குள்ள ரெண்டு மூணு தடவை பாருங்க. எந்த கோர்ட்டுக்கு என்ன டெட்லைன்னு ஒரு நோட்ல எழுதி குரூப்ல பின் பண்ணி வெச்சிருங்க. வெயிட்லிஸ்ட் இருந்தா பேர் குடுங்க, ஆனா நோட்டிஃபிகேஷன் எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகுதுன்னா அதை மட்டும் நம்பி இருக்க வேணாம்.

ஸ்லாட் நீளத்தையும் யோசிங்க. ஒரு முழு மேட்சுக்கு ஒன்றரை மணி நேரம் சரியா இருக்கும், ஆனா தொடர்ந்து ஒன்றரை மணி காலியா கிடைக்கறது குதிரைக்கொம்பு. ஒரு மணிதான் கிடைச்சா எடுத்துக்குங்க, ஸ்கோர் டென்னிஸ் மாதிரிதான், 40-40 ஆனா கோல்டன் பாயிண்ட், அதாவது ஒரே பாயிண்ட்ல கேம் முடிஞ்சிடும், எந்த சைடுல சர்வ் வாங்கறதுங்கறதை ரிசீவ் பண்றவங்க சொல்லுவாங்க. இப்படி ஆடினா இழுக்காது.

மழை விஷயத்துல கவனமா இருங்க. ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் திடீர்னு கொட்டும், ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் சொல்லவே வேணாம். கூரை இல்லாத கோர்ட்னா மழை வந்தா காசு திரும்புமா, வேற நாள் தருவாங்களா, பாதி ஆட்டத்துல வந்தா என்ன கணக்குன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க. தரை காஞ்சா போதும்னு நினைக்காதீங்க, கண்ணாடி ஈரமா இருந்தா பந்து எழும்பாம வழுக்கிட்டு போயிடும். டிசம்பர், ஜனவரியில காலை 6 மணி ஸ்லாட் ஈசியா கிடைக்கறதுக்கு குளிர் பாதி காரணம், கண்ணாடி மேல படியற பனி மீதி. ஒரு பழைய துண்டு எடுத்துட்டுப் போங்க, அந்த நேரம் உங்களுக்குத்தான்.

சும்மா கிடைக்கற நேரம் இன்னும் இருக்கு. தீபாவளி, பொங்கல் லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மடிவாளாவுல பஸ்ஸுக்கு நிக்கற கூட்டத்தைப் பாத்திருப்பீங்க, அதுல நிறைய பேர் பெங்களூர்லயே இருந்திருந்தா கோர்ட்ல இருப்பாங்க. ஊருக்குப் போகலன்னா அந்த நாலு நாளை முன்னாடியே பிடிச்சிடுங்க. வாரநாள் மத்தியானம் ரேட்டும் கம்மியா இருக்கும், ஒர்க் ஃப்ரம் ஹோம் ஆளுங்களுக்கு அது போதும், மேனேஜருக்குத் தெரியாத வரைக்கும்.

தனி ஆளா இருந்தா ப்ளேயோல யாராவது ஹோஸ்ட் பண்ற கேம்ல சேந்துக்கலாம், ப்ளேடோமிக்லயும் ஓப்பன் மேட்ச் இருக்கு, அங்க ஒவ்வொருத்தர் ஆட்டத்துக்கும் 0 லேர்ந்து 7 வரைக்கும் லெவல் உண்டு. லெவலை ஏத்திச் சொல்லாதீங்க, மூணு கேம்ல தெரிஞ்சிடும், அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க.

ராக்கெட் வாடகைக்கு உண்டான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, பந்து தனிக் காசா இருக்கலாம். ரீஃபண்ட் பேங்குக்கு வருமா இல்ல ஆப் வாலெட்லயே நிக்குமான்னும் பாருங்க. வாலெட்னா எக்ஸ்பைரி தேதி பாத்துட்டு அதுக்குள்ள அடுத்த புக்கிங்ல கழிச்சிடுங்க, யார் பேர்ல அந்தக் காசு கிடக்குன்னு குரூப்ல போட்டு வெச்சுட்டா அப்புறம் பஞ்சாயத்து வராது.