ஊட்டி, கோத்தகிரி மண்டபங்களில் டிஜே போடுகிறவர்களுக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து செட் ஏற்றி வருகிறீர்களா? முதலில் பனியைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க வண்டியில் கிடந்து சில்லிட்டுப்போன கன்ட்ரோலரை (பாட்டுகளைக் கலக்கும் பலகையை), ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் திறக்கக் கூடாது. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டதும் நீர் கோத்துக்கொள்ளும். அப்படியே சுவிட்சைப் போட்டால் ஷார்ட் ஆகும், இல்லையென்றால் ஃபேடர் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு குமிழ்) கரகரக்கும். பையின் ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரமாவது உள்ளே வைத்திருங்கள். பிறகு மேல்தகட்டை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டினால் இன்னும் பொறுக்கத்தான் வேண்டும். லேப்டாப்புக்கும் இதேதான்.

படுகர் வீட்டுக் கல்யாணம் என்றால் பாட்டுகளின் வேகத்தை முந்தின நாளே எண்ணி வையுங்கள். திஸ்ர நடைப் (மும்மூன்றாக எண்ணும் தாள நடை) பாட்டுகளில் டிஜே சாஃப்ட்வேர் அடிக்கடி ஏமாறும். நிமிடத்துக்கு 90 தட்டு என்று இருக்க வேண்டிய வேகத்தை 135 என்று காட்டும். காலால் தட்டி 15 வினாடிக்கு எண்ணி, நான்கால் பெருக்குங்கள். அந்தக் கணக்கை நம்பலாம். இரண்டு பாட்டுகளை ஒன்றாக ஓட வைக்கும் சிங்க் பட்டன் வேகத்தைத்தான் சேர்க்கும், நடையைச் சேர்க்காது. திஸ்ரத்தின் மேல் நான்கு தட்டு கிளப் பீட்டை ஏற்றினால் வட்டமாக ஆடுகிறவர்களின் அடி குழம்பும். அங்கே மிக்ஸிங் வேண்டவே வேண்டாம். பாட்டு முடியட்டும், வட்டம் ஒரு மூச்சு விடட்டும், அடுத்ததைப் போடுங்கள். பெரியவர்களும் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் வெட்டுவது மரியாதையும் இல்லை.

கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) இல்லாமல் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். பாடகர் குரல் கீச்சென்று ஆகும். 3 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

மைக்கில் பேச ரேடியோ அறிவிப்பாளர் முறைதான் சரி. முன்னிசை எத்தனை வினாடி என்று குறித்து வைத்து, பாடகர் வாய் திறப்பதற்குள் முடித்துவிடுங்கள். 12 வினாடி முன்னிசைக்கு இரண்டு வரிதான் தாங்கும்.

மலையில் சத்தம் வேறு மாதிரி போகும். தெளிந்த குளிர் ராத்திரியில் தரையோரக் காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், மேலே போகும் ஒலி வளைந்து கீழே இறங்கும்; பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர் காதில் விழும். ஸ்பீக்கரைப் பள்ளத்தைப் பார்த்து வைக்காமல் மேட்டுப் பக்கம் திருப்புங்கள், சப்வூஃபரை (அடித்தொனி ஸ்பீக்கரை) குறைத்து வையுங்கள். மசினகுடி போல காட்டை ஒட்டிய இடங்களில் வெளியே ஸ்பீக்கரே வேண்டாம். திறந்தவெளியில் ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை. கடைசிப் பாட்டை 9.50க்குள் ஆரம்பித்துவிடுங்கள்.