குறுக்குக்காற்றில் (ஓடுபாதைக்குக் குறுக்காக வீசும் காற்றில்) தரையிறங்குவது எப்படி? பயிற்சி விமானிகளுக்கான செய்முறை விளக்கம்

சென்னையில் கோடை நண்பகலையொட்டி உள்ளே வரும் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசும். மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதையான 07 ஏறத்தாழ 70 பாகைத் திசையை நோக்கியிருப்பதால், அதில் இறங்கும் விமானத்தை அக்காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். இதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானத்தை இறக்கும் முறையைப் பார்ப்போம். பயிற்றுநர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைப் பழக வேண்டும்.

முதலில் கணக்கு. காற்று 130 பாகையிலிருந்து 14 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) என்று டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், சொன்னால், ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 60 பாகை. கோணம் 30 என்றால் வேகத்தில் பாதியும், 45 என்றால் பத்தில் ஏழு பங்கும், 60 என்றால் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் குறுக்கே வரும். ஆகவே இங்கே 12 நாட். செஸ்னா 172-இன் கையேடு குறுக்குக்காற்றுக்குக் குறிப்பிடும் 15 நாட், சோதனை விமானி செய்து காட்டிய அளவு. பயிற்றுநர் உங்களுக்கு வகுத்த வரம்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். அதுவே உங்கள் வரம்பு.

இறுதி அணுகலில் இறக்கைகளைச் சமமாக வைத்து, மூக்கை வலப்புறம் காற்றை நோக்கித் திருப்பி, விமானம் நடுக்கோட்டின் மேலேயே வருமாறு பாருங்கள்.

ஓடுபாதையை நெருங்கியதும் இடது ரடரை (வாலிலுள்ள திசைதிருப்பியை இயக்கும் கால்மிதியை) அழுத்தி மூக்கை நேராக்குங்கள். உடனே விமானம் இடப்புறம் நகரும். வலது இறக்கையைத் தாழ்த்தி அதைத் தடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பக்கவாட்டு நகர்வுக்கு எய்லரான் (இறக்கையைச் சாய்க்கும், அதன் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகை), மூக்கின் திசைக்கு ரடர் என்ற பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நடுக்கோடு உங்களுக்கு வலப்புறமாக விலகிச் சென்றால் இறக்கையை இன்னும் தாழ்த்துங்கள். மூக்கு கோட்டுக்குச் சாய்வாக நின்றால் ரடரைச் சரிசெய்யுங்கள். வேகம் குறையக் குறைய இவற்றின் பிடி தளர்வதால், இரண்டையும் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முழு ரடரும் மூக்கை நேராக வைக்கப் போதவில்லையென்றால், தயங்காமல் முழு விசை கொடுத்து மேலெழுந்துவிடுங்கள்.

வலது பிரதானச் சக்கரம் முதலிலும், இடது சக்கரம் அடுத்தும், மூக்குச் சக்கரம் கடைசியிலும் தரையைத் தொட வேண்டும். மூக்குச் சக்கரம் ரடர் மிதியோடு இணைந்திருப்பதால், அது தொடும் கணத்தில் மிதியை நடுநிலைக்குக் கொண்டுவராவிட்டால் விமானம் இடப்புறம் வெட்டித் திரும்பும். தொட்டபின் கைப்பிடியைத் தளர்த்திவிடாதீர்கள்: காற்று வால் துடுப்பைத் தள்ளி மூக்கை வலப்புறம் திருப்பப் பார்க்கும், வலது இறக்கையையும் தூக்க முயலும். ஆகவே வேகம் குறையக் குறைய எய்லரானை வலப்புறம் முழுவதுமாகத் திருப்பி, திசையை மிதிகளால் காத்துக்கொள்ளுங்கள்.

மேலெழுந்து சுற்றி வந்தபின்னும் காற்று அடங்கவில்லையென்றால், வேறு ஓடுபாதை கிடைக்குமா என்று டவரிடம் கேளுங்கள். மீனம்பாக்கத்தின் 12-ஆம் ஓடுபாதையில் இதே காற்றின் குறுக்கு அளவு 3 நாட்டுக்கும் குறைவு.