டைமிங் பெல்ட் மாற்றும் முன் ஒயிட்னர் கோடு

எஞ்சினில் கிராங்கையும் கேமையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பல் பெல்ட்தான் டைமிங் பெல்ட். பழையதைக் கழற்றுவதற்கு முன், கேம் புல்லி (வால்வுகளைத் திறக்கும் தண்டின் பல் சக்கரம்), கிராங்க் புல்லி (பிஸ்டன்கள் சுற்றும் தண்டின் பல் சக்கரம்) இரண்டிலும் பல்லும் பெல்ட்டும் சேரும் இடத்தில் ஒயிட்னரால் கோடு போட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் போட்டால்தான் ஒட்டும். கழற்றியதும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே எத்தனை பல் என்று எண்ணி, அதே கணக்கில் புது பெல்ட்டிலும் கோடு போட்டு மாட்டுங்கள். மொத்தப் பல்லையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்; கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேமுக்கும் கிராங்குக்கும் இடையே இருக்கும் பல் கணக்குதான் டைமிங். கோடு இருந்தால், மாட்டும்போது புல்லி லேசாக நகர்ந்தாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) போட்டபின், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்கை ஸ்பேனரால் எஞ்சின் சுற்றும் பக்கமாகவே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். புல்லியில் கம்பெனி போட்ட குறிகள் திரும்பவும் நேராக வர வேண்டும். பெல்ட்டில் போட்ட கோடு மட்டும் வேறெங்கோ போயிருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். நடுவில் எங்காவது முட்டினால் வம்படியாகத் திருப்பாதீர்கள், வால்வு வளைந்துவிடும்.

பெல்ட் ஏற்கனவே அறுந்திருந்தாலோ பல் தாவியிருந்தாலோ இந்த வழி உதவாது. கம்பெனிக் குறியைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். கேம் புல்லியையே தளர்த்தி, லாக்கிங் பின் (தண்டு சுற்றாமல் பிடிக்கும் பின்) போட்டு மாட்டும் எஞ்சின்களுக்கும் ஒத்துவராது. மாருதி 800, பழைய சான்ட்ரோவில் பெல்ட்தான். ஸ்விஃப்ட் 1.3 டீசல் மாதிரி செயின் வண்டிகளுக்கு இந்த வேலையே இல்லை.